சூரியனுக்கு முதல் வாடிக்கை

"பற்றரிக் கம்பியைக் கழற்றாதேங்கோ அண்ணை."

கமலாதேவி மேசைக்குக் குறுக்கே எட்டி அப்புத்துரையின் கையைத் தட்டிவிட்டாள். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் தண்ணீர் குமிழியிட்டது. வெப்பமானியின் சிவப்புக் கோடு நிற்காமல் ஏறியது.

"வெடிச்சா நான் முடிஞ்சன். பிறகு என்ர எஞ்சினை ஆர் விக்கிறது?" என்றார் அப்புத்துரை.

"உங்கட பெண்சாதி உங்களைவிடத் திறமா விப்பா. பேசாமல் இருங்கோ."

1989 சித்திரை. அனலைதீவில் இராசமணி வீட்டு விறாந்தை. கமலாதேவி மீனவர் சங்கத் தலைவி. ஐஸ் இல்லாமல் மீன் அழுக, ஊர்காவற்றுறை முதலாளிகள் சொன்ன விலைக்கே அதைக் கொடுத்துவந்த சங்கம். அதை நிறுத்தவே ஐஸ் அறை கட்டி முடித்திருந்தாள். அதற்கான டீசல் எஞ்சினோடு அப்புத்துரையின் வள்ளம் இறங்குதுறையில் நின்றது. வள்ளம் கிளம்பமுன் அவள் ஓம் சொல்லாவிட்டால் எஞ்சின் எழுவைதீவுச் சங்கத்துக்குப் போய்விடும்.

குறுக்கே வந்தவன் பரமலிங்கம், இராசமணியின் தம்பி. இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. போன மாதம் அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள், சூரியனுக்குள் நடக்கிற அணுக்கரு இணைவை ஒரு சாடிக்குள் செய்துவிட்டோம் என்று அறிவித்ததும், அதற்கு வேண்டிய விசேஷக் கம்பியும், பார்வைக்குச் சாதாரணத் தண்ணீர் போலவே இருக்கிற கனநீர் ஒரு போத்தலும் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஓடி வந்திருந்தான். எஞ்சினுக்கு வைத்த காசைத் தன் கொம்பனியில் போடச் சொன்னான்.

"நான் போட்ட துளி மருந்துக்கு இந்தக் கனநீர் பற்றரியில சொட்டு மின்சாரம்தான் இழுக்கும், கமலாக்கா; உப்புத் தண்ணி மாதிரி உறிஞ்சாது. அதுக்கு வெதுவெதுப்பாத்தான் வரும். கொதிக்குதெண்டா மிச்சச் சூடு இணைவாலதான் வருகுது."

"அப்ப கொழும்புக்குக் கொண்டுபோய் வியுமன்," என்றார் அப்புத்துரை.

"கொழும்புக்கு மலையில இருந்து மலிவா மின்சாரம் வருகுது. அதோட போட்டி போட ஏலாது. டீசல் வள்ளத்தில வாற ஊரோடதான் போட்டி போடலாம். உலகத்தில எத்தினை தீவு இருக்கு? முதல்ல உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கிறது, பிறகு ஐஸ், கடைசியாத்தான் லைற். முதல் சந்தை நாங்கள்தான்."

கமலாதேவிக்கு அது நெஞ்சில் பட்டது. "எல்லாத்துக்கும் இந்தத் தீவு கடைசி வாடிக்கையா இருந்தது போதும். ஒருக்காலாவது முதல் வாடிக்கையா இருக்கட்டும்," என்றாள்.

பரமலிங்கம் ஏமாற்றுக்காரன் அல்ல. அதுதான் ஆபத்து.

இராசமணி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துப்போக வந்தாள்.

"இண்டைக்குத் தேத்தண்ணி அமிர்தம், பிள்ளை. சாட்டிக் கிணத்தில இருந்து நல்ல தண்ணி வள்ளம் வந்திட்டுதோ?" என்றார் அப்புத்துரை.

"எங்க வந்தது? கிழமைக்கணக்கா ஆளையே காணேல்லை," என்றபடி அவள் குசினிக்குள் போனாள்.

பாத்திரத்தில் குமிழிகள் குறைந்தன. கோடு இறங்கத் தொடங்கியது. கமலாதேவி கம்பிகளைக் கழற்றிப் பற்றரியில் ஒரு சின்ன பல்ப்பைக் கொளுவினாள். பல்ப் மங்கலாகச் சிவந்து அணைந்தது.

"நேற்றுத்தானே முழுக்கச் சார்ஜ் ஏத்தினது. சொட்டு இழுக்கிற சாமான் இதை எப்பிடி உறிஞ்சினது?"

பரமலிங்கத்தின் முகம் மாறியது. "மின்சாரம் எவ்வளவு போனதெண்டு நான் அளக்கேல்லை. மீற்றரைச் சோதனைச் சாவடியில வாங்கி வைச்சிட்டாங்கள்."

அவள் கனநீர்ப் போத்தலைக் கவிழ்த்தாள். அடியில் மிஞ்சிய துளி உள்ளங்கையில் விழுந்தது. நாக்கில் வைத்தாள். குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இறங்குதுறையில் வள்ளக்காரர் கூவுவது கேட்டது.

"எஞ்சினை இறக்கச் சொல்லுங்கோ அண்ணை."

அப்புத்துரை செருப்பைத் தேடினார்.

"கமலாக்கா, நீங்களும் நம்பேல்லையோ?"

"நீர் சொன்ன சந்தை சரி, பரமலிங்கம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. உண்மையா எரியிற சாமானோட எப்ப வந்தாலும் முதல் வாங்கிறது நான்தான். அதுவரைக்கும் என்ர சனத்தின்ர மீன் அழுகேலாது."

"அப்ப இண்டைக்குக் கொதிச்சது?"

"இராசமணி," என்று கமலாதேவி குசினிப் பக்கம் குரல் கொடுத்தாள். "தண்ணி வள்ளம் வரேல்லையெண்டால் தேத்தண்ணிக்கு எங்கத்தைத் தண்ணி?"

இராசமணி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அலுமாரிக்குள்ள தம்பி வைச்சிருந்த வெளிநாட்டுத் தண்ணிதான். வீட்டுக்கு வந்தாக்களுக்கு உப்புத் தண்ணியில தேத்தண்ணி குடுக்கேலுமே? ஆரின்ரயும் பாத்திரத்தை வெறுமையாத் திருப்பி வைக்கக்கூடாதெண்டு, எங்கட கிணத்து உப்புத் தண்ணியை நிரப்பி வைச்சனான்."