மடித்துவைத்த வெள்ளைக் கோட்

கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலியைத் துணிக்கடைக்காரர் தானாகவே பார்த்துப் பிடித்திருந்தார். அங்கிருந்து மேடை முக்கால்வாசிதான் தெரியும். போதும். பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து ஒருவர் மேடையேறி வெள்ளைக் கோட்டை மாட்டிவிடுவது அந்தக் கல்லூரி வழக்கம். ஒருவர்தான். "அம்மா வராங்கப்பா. தப்பா எடுத்துக்காதீங்க" என்று மகள் போனில் சொன்னபோது, எதையும் பாதி விலைக்குக் கேட்டே பழகிய மனிதர் "சரிம்மா" என்று சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார். விவாகரத்துக்கும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் பேரம் பேசாத இடங்கள் இந்த இரண்டும்தான்.

பக்கத்து நாற்காலியில் வேறொரு மாணவனின் மாமா. வாய் சும்மா இருக்கவில்லை.

"பல்லுதானேன்னு எங்க வீட்ல இளப்பமா பேசறாங்க சார்."

"கண் டாக்டருக்கு ஆளுக்கு ரெண்டுதான். இவங்களுக்கு முப்பத்திரண்டு. எது நல்ல யாவாரம்னு கேளுங்க."

மாமா குலுங்கிச் சிரித்து ஓய்ந்தார். "நீங்க மேல போகலையா?"

"முட்டி வலி. படி ஆகாது."

கடையில் நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குகிற முட்டி அது.

மகள் மேடைக்கு வந்தாள். அவள் அம்மாவுக்குக் கோட்டின் கை பிடிபடவில்லை. மகள் பின்னால் துழாவினாள். கழுத்துப் பட்டியைப் பிடிச்சு கொஞ்சம் இறக்கணும் என்று இவர் விரல்கள் மடியிலேயே செய்துகாட்டின.

விழா முடிந்ததும் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "வந்தீங்களாப்பா. இதைக் கொஞ்சம் வச்சிருங்க, முகம் கழுவிட்டு வந்துடறேன். குரூப் போட்டோ இருக்கு." கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் துணியை நெருடிப் பார்த்தார். பாதிக்குப் பாதி பாலியெஸ்டர். கல்லூரித் தலையில் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். நினைப்பு எங்கோ இருக்க, கை தன் வேலையைப் பார்த்தது. பொத்தான் போட்டு, கைகளைப் பின்னால் மடக்கி, நீவிவிட்டு... மகள் திரும்பி வந்தபோது கோட் அவர் முன்கையில், யாரும் வாங்காத புதுச் சரக்காகக் கிடந்தது.

"என்னப்பா மடிச்சிட்டீங்க? போட்டுக்கணும்ல."

உதறிப் பிரித்து, பொத்தான்களைக் கழற்றி, பட்டியைப் பிடித்து இறக்கினார். அவள் யோசிக்காமல் முதுகைக் காட்டினாள். ஒரே இழுப்பில் உட்கார்ந்தது.

"தோள் கச்சிதமா உக்காந்திருச்சு" என்றார். வாடிக்கைக்காரர்களிடம் சொல்லும் குரல்தான் வந்தது.

"அம்மா தேடுவாங்க, போறேம்பா."

போய்விட்டாள். போட்டோக்காரர் தூரத்திலிருந்து, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க" என்றார். தூண் பக்கமாக ஒதுங்கினார். கைகள் இரண்டும் இன்னும் அவள் தோள் அகலத்துக்கு விரிந்தபடியே இருந்தன.