டால்பின்கள் ஒதுங்கும் தூரம்

நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் அந்தப் பெரிய விசிறியைக் கடலுக்கடியில் நட்டவன் கணவன். அதனால் டால்பின்களுக்குக் கெடுதல் உண்டா என்று சொல்ல வேண்டியவள் மனைவி. வேறு ஆளே இல்லையா என்று கேட்காதீர்கள். அந்தக் கரையில் கடலின் சத்தத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் என்பதற்காக ஒரு வரியை மாற்றி எழுதுகிறவளும் இல்லை.

விசிறி ஓடத் தொடங்கி, அவளும் படகில் ஆய்வுக்கு இறங்கிய நாளிலிருந்து அந்தக் குறுகிய நீர்வழியில் ஒரு டால்பின்கூடத் தலைகாட்டவில்லை. அவள் அப்படியே எழுதிக் கொடுத்தால் விசிறியைத் தூக்கிக் கரையில் போட வேண்டியதுதான். அவனுடைய பல வருட உழைப்பு மண்ணாகிவிடும்.

"ரெண்டு வாரமா நிறுத்தியே வெச்சிருக்கேன். இப்பவும் வரல. அப்புறம் எதுக்கு என் விசிறி மேல பழி?" என்றான், அவளுடைய ஆய்வுப் படகில் வந்து உட்கார்ந்து.

நியாயமான கேள்வி. அவளுக்குச் சுருக்கென்றது. கடலடி மைக்கின் பதிவை மறுபடி கேட்டாள். துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஆழம் பார்க்கும் கருவி படகிலிருந்து அனுப்பும் ஒலியை இடைஞ்சல் என்று பதிவிலிருந்து வடிகட்டிவிடுவது அவர்கள் வழக்கம். டால்பின்களுக்கு அந்த வசதி இல்லையே! தேடிப் போன படகே நாள் முழுக்க அவற்றின் காதைக் குடைந்திருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் அல்ல அவள். "துரத்தினது நான்தாங்க," என்று சொல்லி, கருவியையும் எஞ்சினையும் அணைத்தாள்.

அந்த வாரமே டால்பின்கள் வந்தன, குட்டிகளோடு. அவன் படகு ஆட ஆடக் குதித்தான். "பாத்தியா? அடுத்த விசிறியையும் இறக்கிடலாம்!"

"மொதல்ல இதை ஓட்டுங்க."

விசிறி சுழன்றது. டால்பின்கள் ஓடிவிடவில்லை, நன்றாக விலகி, எதிர்க்கரையை ஒட்டிய வழியில் போயின. இரண்டாவது விசிறிக்கு அவன் குறித்து வைத்திருந்த இடமும் அதுதான்.

"இந்த விசிறி இருந்துட்டுப் போகட்டும். அங்க இன்னொண்ணு வந்தா அதுங்களுக்கு வழியே இல்ல. வேணாம்னுதான் எழுதப் போறேன்," என்றாள்.

"புருஷன்னு கொஞ்சம் பார்க்க மாட்டியா?"

"என்னையே விடல, உங்களை விடுவேனா?"

அவன் கடைசிக் குட்டி கடந்து போகும்வரை பார்த்தான். பிறகு போனை எடுத்து, கிரேன்காரரைக் கூப்பிட்டான். "அண்ணே, ரெண்டாவது விசிறியைப் படகுல ஏத்தாதீங்க. வேற இடம் பார்க்கணும்."