வியாழக்கிழமைக் கொலை, உபயம்: தா. பகவதி

இங்கிலாந்தில் நெதர் பிட்டில் என்கிற சிற்றூரில் வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு ஒரு கொலை நடக்கும். மழை பெய்தால் முன்னறையில், வெயில் அடித்தால் தோட்டத்தில்.

இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஊரில் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரும் துப்பறிகிறவர்கள். ஒரு வாரம் கொலை தவறினால் அவர்களுக்குச் சாப்பாடு செரிக்காது. செத்தவர் யாரும் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் ஊரின் தலையெண்ணிக்கை அறுபத்து மூன்றிலிருந்து இறங்கியதில்லை. ஏன் என்று கேட்பது அங்கே மரியாதை இல்லை.

ஊரார் எல்லாரும் நாகர்கோவில் தமிழ்தான் பேசினார்கள். ஆங்கிலத்தை நாய்களிடம் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஊருக்குத் தாணுமாலயனும் மனைவி பகவதியும் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு நிலையம் முன்னதாக இறங்கிவிட்டார்கள். அடுத்த ரயில் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு வீடு பிடித்து, முருங்கை நட்டு, அதுவும் காய்த்துவிட்டது.

போன மாதம் தபாலாபீஸ் அம்மாள் திருமதி பிம்பர்டன் ஒரு நீள நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். தாணுமாலயனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கோவில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் ஏற்று நடத்துமே, அந்த மண்டகப்படி நோட்டு மாதிரியே இருந்தது. அப்படி ஒரு நோட்டு வந்தால் கேள்வி கேட்கக் கூடாது. வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எழுத வேண்டியதுதான். அதுவும் மனைவி பெயரில் எழுதினால்தான் அழகு. சொந்த ஊரில் முப்பது வருடம் ஆறாம் நாள் திருவிழா பகவதி பெயரில்தான் நடந்தது.

பிள்ளையார் சுழி போட்டு, குண்டு குண்டாக ‘தா. பகவதி’ என்று எழுதிக் கொடுத்தார். கட்டத்தின் தலைப்பை அவர் படிக்கவில்லை. அந்த நோட்டில் தலைப்பைப் படிக்கிறவன் நல்ல குடும்பத்துக்காரனே இல்லை.

இந்த வியாழக்கிழமை காலையில் கதவு இடுக்கு வழியாக நோட்டீஸ் வந்து விழுந்தது. மஞ்சள் தாள், சிவப்பு மை.

இவ்வாரக் கொலை. இடம்: தாணுமாலயன் இல்லம். பிணம்: தா. பகவதி. கேக்: திருமதி பிம்பர்டன். அனைவரும் வருக.

பகவதி அதை மூன்று தடவை படித்தாள்.

“எம் பேரை எம்புட்டுப் பெருசா போட்டிருக்கா, பாத்தியளா?”

“பகவதி, பிணம்னுல்லா போட்டிருக்கு.”

“கேக் போடுதவ பேரை விடப் பெருசு.” அவள் பீரோவைத் திறந்தாள். “ஏங்க, நீலப் பட்டா, அரக்குப் பட்டா?”

“ஒரு பட்டும் வேண்டாம். நான் போயி பேரை அழிச்சிட்டு வாறேன்.”

வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தாணுமாலயனுக்குத் தெரியாது. ஆனால் அவர் ஓடியதற்குக் காரணம் அது அல்ல. உண்மையான காரணத்தை அவர் நாற்பத்தொரு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, பகவதியிடம்கூட.

நெதர் பிட்டிலின் தெரு அவசரப்படுகிறவர்களுக்கு நீளும். ஊரார் மெல்ல நடப்பார்கள், அவர்களுக்கு அது இருநூறு அடி. தாணுமாலயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தெரு ஏழு மைலாயிற்று. வழியில் இரண்டு இடத்தில் பருவம் மாறியது. ஒரு மழைமேகம் அவர் தலைக்கு மேல் மட்டும் கூடவே ஓடி வந்தது.

தபாலாபீஸில் திருமதி பிம்பர்டன் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றைக் காலுறை கவுண்டரைத் தாண்டி, சன்னல் வழியாக வெளியேறி, தேவாலயத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

“நோட்டீஸ்ல பேரை மாத்தணும்,” என்றார் தாணுமாலயன்.

“அச்சடிச்சாச்சே அண்ணாச்சி.”

“தெரியாம எழுதிட்டேன். அவ பேரை எடுத்திரு தாயி.”

“எப்படி எடுக்க? பிணத்துக்கு நாலு விரோதி வேணும், அதுதான் சட்டம். ஒங்க வீட்டம்மாவுக்கு நாலும் சுளையா இருக்கு.” அவள் ஒரு கோப்பைப் பிரித்தாள். “மொத விரோதி நாந்தான். என் கேக்கைப் பாத்து, ‘இது வெந்ததா, வேகப் போறதா’ன்னு கேட்டா. ரெண்டு நாள் அழுதேன். தங்கமான பிணம். விட மனசு வரல.”

“அப்ப எம் பேரைப் போடு.”

திருமதி பிம்பர்டன் முதல்முறையாகப் பின்னலை நிறுத்தினாள்.

“ஒங்க பேரையா? ஒங்களை யாருக்குப் புடிக்காம இருக்கு? புடிச்சும் இல்ல, புடிக்காமலும் இல்ல. நீங்க இந்த ஊர்ல இருக்கியளான்னே போன கூட்டத்துல ஓட்டெடுப்பு நடந்துச்சு.”

“முடிவு?”

“ஒத்திவச்சாச்சு.”

ஒரு பச்சைத் தாளை நீட்டினாள். விரோதிப் படிவம். கீழே நான்கு கையெழுத்துக்கு இடம்.

“நாலு மணிக்குள்ள நாலு பேரு ஒங்களை வெறுக்கணும். அப்பப் பேரை மாத்தலாம்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. அவர் பார்த்த பார்வையில் பதறி அது ஒன்றுக்குத் தாவியது.

முதலில் மேஜர் டிம்ஸ் வீடு. மேஜர் ஒரு பூசணிக்காய் வளர்த்தார். அது கட்டிலில் படுக்கும், அவர் தரையில் படுப்பார். தாணுமாலயன் நேரே உள்ளே போய்ப் பூசணியை ஓங்கி ஓர் உதை விட்டார்.

மேஜர் பதறி எழுந்தார். “காலு வலிச்சிருக்குமே அண்ணாச்சி! தைலம் தேய்க்கட்டா?”

இன்னொரு உதை.

“தப்பு எம் மேலதான். நீங்க உதைக்கிற எடத்துல அதை வச்சிருக்கப்படாது.”

அடுத்த வீட்டில் ரோஜாச் செடியைப் பிடுங்கினார். நன்றி சொன்னார்கள். தபால் பெட்டியில் தண்ணீர் ஊற்றினார். வெயில் காலத்துக்கு நல்லதுதான் என்றார்கள். மணி இரண்டரை. இவர்களை எப்படித்தான் வெறுக்க வைப்பது? ஓய்ந்துபோய் மேஜர் வீட்டுப் படியிலேயே வந்து உட்கார்ந்தார். மேஜரும் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல், சொந்த ஊரில் எந்த மனிதனும் எந்த மனிதனிடமும் பேசுகிற மாதிரி தாணுமாலயன் பேச்சுக் கொடுத்தார்.

“என்ன மேஜரே, ஒத்தையா இருக்கேரு? பொஞ்சாதி இருக்காளா, போயிட்டாளா?”

மேஜர் சுண்ணாம்பாக வெளுத்தார். மீசை தானாக எழுந்து நின்றது. பூசணிக்காய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“படிவத்தைக் கொண்டாரும்,” என்றார். பேனா தாளைக் கிழித்தது.

தாணுமாலயனுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

சந்து முனையில் கான்ஸ்டபிள் டாசெட் ஒரு பெஞ்சில் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தார். தாணுமாலயன் அக்கறையாகக் கிட்டப் போனார். “உக்காரும்போது மொகத்தைச் சுளிக்கேரே. மூலமா? கூச்சப்படாம சொல்லும், வீட்ல கருணைக்கிழங்கு இருக்கு.” டாசெட் தொப்பியைக் கழற்றி, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு, தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார்.

திருமதி பிம்பர்டன் கேக்குக் கூடையோடு எதிரே வந்தாள். “காலையில பாத்ததுக்கு இப்ப சதை போட்டிருக்கியே தாயி.” மூன்றாவது கையெழுத்தும் விழுந்தது.

மூன்றே முக்கால்.

நான்காவதற்கு ஆள் இல்லை. தெருவே காலி. எல்லாரும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓடினார். தெரு பதினோரு மைலாயிற்று. மெல்ல நடந்து பார்த்தார். நெஞ்சு மெல்ல நடக்கவில்லை, தெரு அதைத்தான் பார்த்தது. கடைசியில் நடுத்தெருவில் அப்படியே நின்றார். வீட்டுக்குப் பொறுக்கவில்லை. அது அவரைத் தேடி வந்துவிட்டது.

முன்னறையில் அறுபத்து மூன்று பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு கம்பளம். அதன்மேல் பகவதி நீலப் பட்டில், தலையில் மல்லிகையோடு, எந்தப் பக்கமாக விழுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டில் மல்லிகை எங்கே கிடைத்ததோ.

“நிறுத்துங்க! பேரு மாறியாச்சு!”

கான்ஸ்டபிள் படிவத்தை வாங்கிப் பார்த்தார். “மூணுதான் இருக்கு. ஒண்ணு கொறையுது. நேரம் மூணு அம்பத்தஞ்சு. அம்மா, நீங்க படுங்க.”

“அது என்ன தாளு?” என்றாள் பகவதி. வாங்கிப் படித்தாள். இந்தத் தடவை ஒரே வாசிப்புத்தான்.

“எம் பேரை எடுத்துட்டு ஒங்க பேரைப் போடச் சொன்னியளா?”

“ஒனக்காகத்தான் பகவதி.”

“முப்பது வருசமா நோட்டீஸ்ல எம் பேரு. கழுத்துல மாலை யாருக்கு விழுந்துது? ஒங்களுக்கு. தலையில பரிவட்டம் யாருக்கு? ஒங்களுக்கு. நான் அடுக்களையில அம்பது பேருக்குச் சாம்பாரு கலக்கிக்கிட்டு நின்னேன். என்னைய ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கூப்பிட்டியளா?”

அறுபத்து மூன்று பூதக்கண்ணாடிகளும் தாணுமாலயன் பக்கம் திரும்பின.

“இது மாலை இல்லடி. கழுத்தறுப்பு.”

“கழுத்துக்கு வாறதுதான? அதையும் நீங்களே வாங்கிக்கிடணும், என்னா?”

பகவதி கையை நீட்டினாள். பேனா கொடுத்தார்கள். நான்காவது இடத்தில், குண்டு குண்டாக இல்லாமல், சாய்வாக, வேகமாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து அப்படி இருக்கும் என்று தாணுமாலயனுக்கு அதுவரை தெரியாது.

“சட்டப்படி சரி,” என்றார் கான்ஸ்டபிள். “அண்ணாச்சி, படுங்க.”

தாணுமாலயன் படுத்தார். கம்பளம் முதுகில் அரித்தது. வலப்பக்கம் திரும்பினார், இடப்பக்கம் திரும்பினார். பிணம் இவ்வளவு புரளக் கூடாது என்று மேஜர் முணுமுணுத்தார்.

“என்னைக் கொல்லப் போறது யாரு?” என்று கேட்டார்.

“அது முன்னாலயே தெரிஞ்சா நாங்க எதுக்கு வந்திருக்கோம்?” என்றாள் திருமதி பிம்பர்டன்.

பகவதி அடுக்களைக்குப் போய்த் தட்டோடு வந்தாள். அறுபத்து மூன்று பேருக்கும் தேநீர் கொடுத்தாள். கடைசிக் கோப்பையைக் கொண்டுவந்து கம்பளத்தின்மேல் அவர் தலைமாட்டில் வைத்தாள். பட்டுச் சேலை கசங்குவதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணெதிரே சர்க்கரை போட்டாள். ஒரு கரண்டி. இரண்டு. மூன்று. டாக்டர் சொல்லிப் பதினோரு வருடமாக அவர் வாய்க்குள் சர்க்கரை போகாமல் காவல் காத்தவள் அவள்தான்.

மணி அடிக்கத் தொடங்கியது.

“ஆறிரப் போவுது. சீக்கிரம் குடிச்சிட்டுச் சாவுங்க.”

தாணுமாலயன் தலையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“நல்லாருக்கு,” என்றார்.

“நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் பகவதி.

அறுபத்து மூன்று பென்சில்களும் அதைக் குறித்துக்கொண்டன.