வெள்ளை கேட்டாள், கறுப்பு வாங்கினேன்

மகனுடைய சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் போன் செய்தாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அவள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தேன். அவள் குரலுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அத்தை, கைவேலையா இருக்கீங்களா?"

"இல்ல, சொல்லு."

"ஒரு சாமான் வாங்கணும். இங்கருந்து அனுப்ப ஆள் இல்ல. நான் போனா வேலை நின்னுடும்."

கல்யாணமாகி மூன்று வருடம். இதுவரை ஒரு டம்ளர் தண்ணீர்கூட என்னிடம் கேட்டு வாங்கிக் குடித்தவள் இல்லை. நான் மின்கட்டண ரசீதைத் திருப்பிப் போட்டு, பேனாவைத் தேடி எடுத்தேன்.

அவள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்கு பாலீஷ் போடுகிறாள். பாலீஷ் மெஷினின் முகத்தில் வட்டமாக ஒரு ஃபோம் பேட் ஒட்டியிருக்கும். பெயின்டின் மேல் ஓடுவது அதுதான். கடைசி மெருகுக்கு மெத்தென்ற பேட் வேண்டும். அதன் முதுகில் இருந்த வெல்க்ரோ சூட்டில் பிய்ந்துவிட்டதாம். மாற்றுக்கு வைத்திருந்ததும் காலையிலேயே போய்விட்டதாம். ஒரு கறுப்பு வண்டி பாதி வேலையில் நிற்கிறது என்று அவசரமாகச் சொன்னாள். "பேட் ஒட்டுற மெஷின் பிளேட் அஞ்சு இன்ச் அத்தை. பேட் அஞ்சரை. அதைவிடப் பெருசா இருந்தா மெஷின் திணறும். பிளேட் அளவுக்கே இருந்தா விளிம்பு பெயின்ட்ல இடிச்சிடும். சாஃப்ட். வெள்ளை கலர். மூணு."

எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். "சரிதான் அத்தை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டிராவல்ஸ்காரர் நாலு மணிக்கு வண்டியைப் பாக்க வர்றாரு. அவர்கிட்ட மொத்தம் பன்னெண்டு கறுப்பு வண்டி. இது பிடிச்சிருந்தா மீதியும் எனக்குத்தான். பாலீஷ் வேலை முழுசையும் என் பொறுப்புல விடறேன்னு முதலாளி சொல்லியிருக்காரு" என்றாள்.

எங்களுக்குத்தான் என்று சொல்லவில்லை. எனக்குத்தான் என்றாள். அந்தச் சொல் காதிலேயே நின்றது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எதிர் வீட்டு டீச்சர் கேட்டபோது "கார் கம்பெனியில" என்றேன். "கம்ப்யூட்டர்லயா?" என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. அவள் கிரீஸ் கையோடு மாடிப்படி ஏறி வரும்போது டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அவளாக எதுவும் கேட்டதில்லை. ஆனால் புரியாதவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேடுகளைத் துவைத்துப் பின்பக்கக் கொடியில்தான் காயப்போடுவாள், தெருப்பக்கம் இல்லை.

அந்தக் கொடி நினைவு வந்ததும் பின்பக்கம் போனேன். பழைய பேடுகள் ஐந்தாறு கிளிப்பில் தொங்கின. வெள்ளை ஒன்று விளிம்பு தேய்ந்து, ஓரத்தில் கிழிந்து கிடந்தது. வேலைக்கு உதவாது, அளவு பார்க்க உதவும். தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மகனுக்குப் போன் செய்து போகச் சொல்லியிருக்கலாம். அவன் ஆணி அடித்தால்கூடச் சுவருக்கு வலிக்குமோ என்று பார்த்து அடிக்கிறவன். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வந்துவிடுவான்.

நான் அப்படி இல்லை. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தவள். ஏழரை சைஸ் கையுறை கேட்ட இடத்துக்கு எட்டு போய்விட்டால் அறுவை அறையிலிருந்து என்ன மாதிரி போன் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு ஆகாத சொல் ஒன்று உண்டென்றால், அது "எல்லாம் ஒண்ணுதான்."

கடைக்காரர் முதலில் சொன்னதே அதுதான்.

பஸ் இறங்கி, பெயின்ட் டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த அந்தக் கடையைக் கண்டுபிடிக்கும்போது மணி பன்னிரண்டரை. கல்லாவுக்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கடைக்காரர் என் சீட்டைப் பாதி படித்துவிட்டு ஒரு வெள்ளை பேடை மேஜையில் போட்டார். நாடாவை வைத்தேன்.

"அஞ்சரை கேட்டேன் தம்பி. இது ஆறு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கும். ஒழுங்கா சுத்தணுமே."

மெக்கானிக் ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டார். "உங்க பிளேட் அஞ்சு, இதுவும் அஞ்சு. கச்சிதமா இருக்கும்."

"கச்சிதமா இருந்தா விளிம்பு பெயின்ட்ல இடிக்கும். சுத்தி கால் இன்ச்சாவது மெத்தை வெளிய நிக்கணும்."

அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை முழுசாகப் பார்த்தார். "யாருக்கும்மா? பையன் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரா?"

ஒரு நொடி 'ஆமாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம். அந்தப் பேச்சை விழுங்கிவிட்டு, "மருமகளுக்கு" என்றேன். "பாலீஷ் மெஷின் அவதான் பிடிக்கிறா. கறுப்பு வண்டி. நாலு மணிக்குள்ள முடிக்கணும்." சொல்லி முடித்தபோது என் முதுகு தானாக நிமிர்ந்திருந்ததைக் கவனித்தேன்.

"கறுப்பா" என்றார் அந்த மெக்கானிக். "கறுப்புல ஒரு தப்பும் ஒளிக்க முடியாது. வெயில்ல நிறுத்தினா சிலந்திவலை மாதிரி கீறல் தெரியும். எங்க ஆளுங்களே தொட பயப்படுவாங்க."

"அவ பயப்பட மாட்டா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

கடைக்காரர் ஏணியில் ஏறி அஞ்சரை இன்ச் வெள்ளை பேடைத் தேடி எடுத்து வந்தார். நாடா சரியென்றது. முதுகில் வெல்க்ரோவும் நன்றாக இருந்தது. பணத்தை எடுக்கப் பையைத் திறந்தபோது பழைய பேட் கையில் தட்டுப்பட்டது. அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து இரண்டையும் கட்டைவிரல்களால் அமுக்கினேன். பழையது குழந்தைக் கன்னம்போல உள்வாங்கியது. புதியது அசையவே இல்லை.

"இது கெட்டியா இருக்கு."

"நீங்க வெள்ளைதானே கேட்டீங்க?" என்றவர், பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். "இது வேற கம்பெனி. உங்க பழைய பேட் கம்பெனி சரக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாத்தி வைக்கிறானுங்க. இவங்க வெள்ளை கொஞ்சம் அழுத்தமானதுதான்."

"எல்லா கலரையும் எடுங்க."

ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஆரஞ்சு செங்கல். நீலம் பரவாயில்லை, ஆனால் துளைகள் பெரிது. கறுப்பு, விரல் வைத்ததும் அமுங்கி, எடுத்ததும் மெதுவாக எழுந்தது.

மருமகளுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்போது காதை மூடிக்கொள்வாள் என்று மகன் சொல்லியிருக்கிறான். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

"சீட்டுல வெள்ளைன்னு இருக்கு, வெள்ளையையே வாங்கிட்டுப் போங்கம்மா" என்றார் மெக்கானிக், உதவி செய்கிற குரலில். "தப்பாப் போனா உங்க மேல பழி வராது."

ஸ்டோரில் இந்த வித்தையைச் செய்தவர்களை எனக்குத் தெரியும். எழுதியதை எழுதியபடி கொடுத்துவிட்டுக் கையெழுத்தைக் காட்டித் தப்பிப்பார்கள். கேட்டவருக்கு வேலை நடந்ததா என்பது அவர்களுக்குத் தேவையில்லை.

"பழசு தேஞ்சு தேஞ்சு மெத்துனு ஆகியிருக்கும்மா" என்றார் கடைக்காரர். "அதை வச்சு அளக்காதீங்க."

அது நியாயமான பேச்சு. கை தயங்கியது. ஆனால் போன மழையில், ஒரே தடவை துவைத்த புது வெள்ளை பேடுகளை நான்தான் கொடியிலிருந்து எடுத்து உள்ளே போட்டேன். பிழியப் போன என்னை மருமகள் ஓடி வந்து தடுத்தாள். "பிழியக் கூடாது அத்தை, அமுக்கணும்" என்று என் கைமேல் கை வைத்து அமுக்கிக் காட்டினாள். புதியது எப்படி இருந்தது என்று என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

"கறுப்புல மூணு குடுங்க" என்றேன்.

பஸ்ஸில் அந்தத் தைரியம் பாதி இறங்கிவிட்டது. மடியில் பையை வைத்துக்கொண்டு உள்ளே கைவிட்டு அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஒர்க்‌ஷாப்புக்குள் அன்றுதான் முதன்முறையாகக் காலை வைத்தேன். உள்பக்கம், திரை போட்டு மறைத்த இடத்தில், நாலு பக்கமும் விளக்கு வைத்து அந்தக் கறுப்பு வண்டி நின்றது. மருமகள் முகமூடியும் தொப்பியும் போட்டு, முழங்காலில் உட்கார்ந்து கதவின் அடிப்பகுதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பையை நீட்டினேன். திறந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"வெள்ளை சொன்னேனே அத்தை."

"இது வேற கம்பெனி. இதுல வெள்ளை கெட்டி. அமுக்கிப் பாரு."

அவள் அமுக்கவில்லை. முகமூடியை இறக்கி, பேடைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மெஷினில் ஒட்டி, பிளேட்டைச் சுற்றி விளிம்பைத் தடவினாள். பின்கதவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ஓட்டினாள். துணியால் துடைத்து, டார்ச்சை அடித்துக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"அத்தை, அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றாள். "போய்டாதீங்க."

அதற்கப்புறம் இரண்டு மணிநேரம் நான் பார்த்ததை எந்த டீச்சரிடமும் எந்தப் படியிலும் நின்று சொல்வேன். மெஷினை அவள் அழுத்தவில்லை. அதன் எடையை அதற்கே விட்டு, கூடவே நடந்தாள். கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கட்டம், அதை முடித்துத்தான் அடுத்தது. நடுநடுவே மெஷினை நிறுத்தி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையால் தகரத்தைத் தொட்டாள். பேட் சூடானால் கழற்றி ஆறப்போட்டு அடுத்ததை மாட்டினாள். எதற்கு மூன்று என்று அப்போதுதான் புரிந்தது. திரைக்கு அந்தப்பக்கம் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை.

டிராவல்ஸ்காரர் நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். போதாதென்று போன் டார்ச்சையும் போட்டுக்கொண்டு, பானெட்டின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தார். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. முதலாளி நகத்தைக் கடித்தார். மருமகள் முகமூடியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரு செஞ்சது?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள், "என் மருமக" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு வண்டி அனுப்புறேன்" என்று அவளிடமே சொன்னார். "அதையும் பாத்துட்டு மீதியைப் பேசலாம்."

அவள் தலையசைத்தாள். சிரிக்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டும்வரை அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்த பெயின்டர் எழுந்து எங்களுக்கு இடம் விட்டார். முதலாளி தேநீர் வரவழைத்தார்.

டம்ளரை வாங்கியபோதுதான் கவனித்தேன், அவள் கை நிற்கவில்லை. இரண்டு முறை வாய்க்குக் கொண்டுபோய், இரண்டு முறையும் கீழே இறக்கினாள். "மெஷின் பிடிச்சா கொஞ்ச நேரம் இப்படித்தான் அத்தை, சரியாயிடும்" என்றாள், தவறு செய்தவளைப்போல. நான் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, ஊதி, அவள் உதட்டருகே பிடித்தேன். ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவள் தயங்கினாள். பார்க்கட்டும் என்று நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அவள் குனிந்து ஒரு வாய் குடித்தாள். டம்ளர் சாயாமல் இருக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எப்போதோ நின்றுபோன மெஷின் அவள் விரல்களுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மீதித் தேநீரின் மேல், நடுவிலிருந்து விளிம்புக்கு, சின்னச் சின்ன வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன.