மூன்று கட்டில்களும் ஒரு குரல்தின்னியும்

தையல்காரி அன்று அவசரத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தது வாரப் பத்திரிகை அல்ல, மகளின் புத்தகம். டயாலிசிஸ் அறையில் படுத்து, இடது கையில் ஊசிகள் ஏறி, ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்த் திரும்பத் தொடங்கிய பிறகுதான் கவனித்தாள். அட்டையில் ஒரு பாழுங்கிணறு. அதற்குள்ளிருந்து நீளமாக ஒரு கை. சின்னப் பெண் படிக்கிற புத்தகமா இது என்று நினைத்தபடி, வேறு வழியில்லாமல் ஒற்றைக் கையால் பிரித்தாள்.

ஊருக்கு அடியில் ஒரு குரல்தின்னி இருக்கிறது. தூங்குகிறவர்களின் குரலைத் தின்றுவிட்டுப் போகிறது. ஒரு பையனின் குரல் போய்விடுகிறது. பெரியவர்கள் தொண்டைப் புண் என்று மருந்து கொடுக்கிறார்கள். அவனுடைய அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். தம்பியையும் கூட்டிக்கொண்டு, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்குகிறாள்.

“ஐயய்யோ” என்றாள் தையல்காரி, தன்னையறியாமல்.

பக்கத்துக் கட்டில் லாரிக்காரர் தலையைத் திருப்பினார். “என்னம்மா, ஊசி வலிக்குதா?”

“இல்லண்ணே. புள்ளைங்க புக்கு. கயிறு அறுந்துடுச்சு.”

“எந்தக் கயிறு?”

சொன்னாள். அவர் தலையை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். “முதல்லேருந்து படிங்க. சத்தமா.”

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். “ஏம்மா, நாமளே உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கோம். இதுல பேய்க் கதை வேறயா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோதும் அவர் அப்படியே திரும்பித்தான் படுத்திருந்தார். பிள்ளைகள் ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்க, குரல்தின்னி மூடியை நகத்தால் சுரண்டுகிற இடம். “மூடி மெல்லத் திறந்தது” என்று தையல்காரி படித்த நொடியில் ஒரு இயந்திரத்தின் அலாரம் வீலென்று அலறியது. லாரிக்காரர் படுத்தபடியே ஒரு துள்ளு துள்ளினார். நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள். மேனேஜர், ஊசி ஏற்றிய கையை மடக்கி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்.

“கையை மடக்காதீங்கன்னு எத்தனை தடவை சார் சொல்றது?”

“பயந்துட்டேன்மா” என்றார் அவர் பரிதாபமாக. பிறகு தையல்காரியிடம், “மூடி திறந்துச்சு. அப்புறம்?”

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய இயந்திரமும் கத்தியது.

அதன்பின் அந்த அறையின் களையே மாறிவிட்டது. லாரிக்காரரை முன்பெல்லாம் மனைவி தரதரவென்று இழுத்து வராத குறைதான். இப்போது அவர்தான் முதல் ஆள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார், ஏதோ அவர்தான் படிக்கப் போகிறவர் போல.

“இந்த வயசுல நமக்கு எப்படிய்யா இது பிடிக்குது?” என்று ஒருநாள் கேட்டார்.

“பார்க்க வர்றவங்க எல்லாரும் ‘உங்களுக்கு ஒண்ணும் ஆகாது’ங்கிறாங்க சார்” என்றார் லாரிக்காரர். “கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இந்தப் புக்கு அப்படிப் பசப்பலை. கீழே ஒண்ணு இருக்கு, நிஜமாவே கடிக்கும்னு சொல்லுது. அந்தப் பொண்ணும் நடுங்கிக்கிட்டேதான் போகுது. அதுக்கு நடுவுல, ஏன்டா மூக்கை உறிஞ்சுறேன்னு தம்பியைத் திட்டுது. கேட்டா எனக்குத் தெம்பா இருக்கு.”

மேனேஜர் யோசித்தார். “எனக்கு அடுத்து என்ன ஆகும்னு தெரியணும், அவ்வளவுதான். நாளைக்கு என்ன ஆகும்னு ஆசையா யோசிச்சு ரொம்ப நாளாச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரியின் வீட்டுக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்தது. மகள் எடுத்தாள்.

“பாப்பா, தம்பிக்குக் குரல் திரும்பி வந்துடுமா? அதை மட்டும் சொல்லு.”

“மாட்டேன் தாத்தா. பயமா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. நான் அப்படித்தான் படிச்சேன்.”

“கண்ணை மூடிக்கிட்டு எப்படிம்மா படிச்சே?”

“ஒரு கண்ணைத்தான் மூடினேன்.”

கடைசி அத்தியாயம் வந்த அன்று நேரம் போதவில்லை. அக்கா குரல்தின்னியின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டிருக்கிறாள். அப்போது பார்த்து நர்ஸ் வந்து ஊசிகளைக் கழற்றினாள். ரத்தம் நிற்கும்வரை பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். தையல்காரிக்குச் சும்மா இருந்த ஒரே கையும் போய்விட்டது. புத்தகம் மடியில் கிடந்தது. மூன்று பேரும் நர்ஸைப் பார்த்தார்கள்.

“எனக்கு வேலை கிடக்கு” என்றாள் நர்ஸ். மேனேஜர் கண்ணால் புத்தகத்தைக் காட்டினார். “எந்தப் பக்கம்?” என்று அதை எடுத்தாள் நர்ஸ்.

நின்றுகொண்டே ஆரம்பித்தாள். குரல்தின்னி பேசுகிற இடம் வந்ததும் குரலைக் கரகரப்பாக்கி, கண்ணை உருட்டிப் படித்தாள். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் என்ன ஏதென்று கேட்கப்போக, மேனேஜர் வாயில் விரல் வைத்து அடக்கினார். மேலே வந்து சேர்ந்த தம்பி வாயைத் திறக்கிறான். காற்று வருகிறது. இன்னொரு முறை திறக்கிறான்.

“‘ஏன்டி இவ்ளோ லேட்டு?’ என்றான் தம்பி” என்று நர்ஸ் படித்தாள்.

வாசலில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள், கதையின் தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல்.

வீட்டில் மகள் கதவைத் திறந்ததும் கேட்டாள், “யாராவது அழுதாங்களா?”

“லாரி அண்ணன் அழுதாரு.”

“நீ?”

“நான் அவருக்கு முன்னாடியே” என்று செருப்பைக் கழற்றினாள் தையல்காரி. “இந்த மாதிரி இன்னொண்ணு இருக்கா? இதைவிடப் பயமா.”