மோதெனா போகும் பொத்தான்

1

ஆறு வயதுக் குழந்தையிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தத் துணிச்சல் இல்லாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான்.

இன்று வியாழக்கிழமை. மேல்வீட்டு லிவியு காலை பத்து மணிக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட நோட்டரி அலுவலகத்துக்குப் போனார். போட்டாரா, போடாமல் திரும்பினாரா, எனக்குத் தெரியாது. இப்போது மணி நாலு. மேலே சின்ன ரயில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஒரு கதவு நீளத்துக்கு ஓடுகிற பொம்மை ரயில். அதற்கு மின்சாரம் இணைத்துக் கொடுத்தவன் நான்தான். பொய்யும் அந்த வேலையின் நடுவில்தான் வாயிலிருந்து விழுந்தது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

(அ) பஷ்கானி ரயில் நிலையத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. லிவியுவின் மனைவி ரோதிகா, மூன்று வயது மகளை முத்தமிட்டுவிட்டு, இத்தாலிக்குப் போகும்

[இல்லை. ரோதிகா போனது ரயிலில் அல்ல, மினிவேனில். அன்று பனியும் பெய்யவில்லை, நல்ல வெயில். கதையில் யாராவது ஊரை விட்டுக் கிளம்பினால் போதும், கை தானாகப் பனியைக் கொட்டத் தொடங்கிவிடுகிறது.]

(ஆ) "அப்பா, அம்மா ஊருக்குத் தண்டவாளம் போடலாமா?" என்று கேட்டாள் இலின்கா.

[இதுவும் நடக்கவில்லை. அவள் கேட்டது நாய்க்குட்டி. நாலாம் மாடியில் நாய் எப்படி வளர்ப்பது என்று மென்று விழுங்கிய லிவியு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாய்க்குப் பதிலாக ஒரு பழைய பொம்மை ரயில் செட்டை வாங்கி வந்தார். என்ஜின் ஒன்று, பயணிகள் வண்டி இரண்டு, ஒரு கைப்பிடி அளவு தண்டவாளத் துண்டுகள். இரண்டு நாள் அவள் அதற்குச் சோறு வைத்தாள்.]

(இ) ஒரு கதவிலிருந்து தொடங்கலாம்.

[இது பரவாயில்லை.]

3

பால்கனியின் பழைய மரக்கதவு. புதிது போட்டபிறகு இரண்டு வருடமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. மார்ச் மாதம் ஒரு காலை லிவியு அதை இழுத்து வந்து இரண்டு மேசைகளின் மேல் கிடத்தினார். அறையில் நடக்க இடமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் கட்டிலுக்குக் கதவின் அடியில் ஊர்ந்துதான் போனார்கள்.

"கைப்பிடியக் கழட்டிடாதப்பா."

"ஏன்டி?"

"மலை வேணும்ல."

கைப்பிடியின் மேல் பசை தடவிய செய்தித்தாளை ஒட்டி மலையாக்கினார்கள். இந்தக் கோடியில் எங்கள் ஊர் பஷ்கானி, அந்தக் கோடியில் இத்தாலியில் ரோதிகா இருக்கும் ஊர், மோதெனா. ரோதிகா கிறிஸ்துமசுக்கு அனுப்பிய கேக்கின் அட்டைப் பெட்டிதான் மோதெனா நிலையம். மோதெனாவில் பஞ்சால் செய்த ஒரு மரம். வசந்தம் பிறந்ததென்று இங்கே மார்ச் முதல் தேதி கையில் கட்டும் சிவப்பு வெள்ளைக் கயிற்றை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பூத்த மரத்தில் கட்டிவிட்டார்கள். இலின்கா மட்டும் இந்தப் பஞ்சு மரத்தில் கட்டினாள். பஷ்கானிக்கு ரவையைத் தூவிப் பனி விழவைத்தாள். மூன்றாம் நாள் எறும்புகள் வரிசையாக வந்து பனியைச் சுமந்து போயின.

"அப்பா, பனி உருகுது!"

மனிதர்களுக்குப் பொத்தான்கள். மோதெனாவில் நிற்கும் சிவப்புப் பொத்தான் அம்மா. பஷ்கானி நடைமேடையில் கறுப்புக் கோட்டுப் பொத்தான் அப்பா. ஒரு துளை உடைந்த வெள்ளைச் சட்டைப் பொத்தான் இலின்கா. அது எப்போதும் வண்டிக்குள்.

"நான் எங்க இருக்கேம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க இது, மாமா. பேன்ட்டு பொத்தான். கீழ் வீட்டுல இருக்கீங்கல்ல, கதவுக்கு அடியில வச்சுட்டேன்."

கதைசொல்லிக்குச் சரியான இடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

4

ரோதிகாவை எழுதுவதில் எனக்கு நேர்மை போதவில்லை. முதல் பிரதியில் அவளுக்குப் புதுக் காலணி மாட்டிவிட்டேன். போனில் பேசும்போது பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் வைத்தேன். வாசகர் அவளை வெறுத்தால் லிவியுவை நேசிப்பது சுலபம் அல்லவா? எல்லாம் கட்டுக்கதை. அவள் அங்கே சம்பளத்துக்கு ஒரு படுத்த படுக்கையான கிழவியைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதி நாள் அவளுடையது. அந்தப் பாதி நாளில் மகளோடு போனில் பேசுகிறாள். இப்போதுதான் தனக்கென்று ஓர் அறையும் சமையலறையும் பிடித்திருக்கிறாள்.

கதவைப் படுக்கப் போட்டதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் பேசியது இது. லிவியு சொல்லி நான் கேட்டது. ஒரு சில வார்த்தைகள் என்னுடையவையாகவும் இருக்கலாம்.

"செப்டம்பர்ல ஸ்கூல் திறக்குது, லிவியு. ஒண்ணாங்கிளாஸ் இங்கயே படிக்கட்டும். நீ நோட்டரிகிட்ட எழுதிக் குடுத்தாத்தான் அவளக் கூட்டிட்டு வர முடியும்."

"லீவுக்குப் போய்ப் பாத்துட்டு வரட்டும். யாரு வேணாங்கறா?"

"லீவுக்கு இல்ல. எங்கூடவே இருக்கணும். மூணு வருஷமா எம்புள்ள போன்லயே வளருது."

"அப்ப நான்?"

"நீ நைட் ஷிப்ட் போனா அவ கீழ் வீட்டுல தூங்குறா. தப்புன்னு சொல்லல. ஆனா நீயே சொல்லு, அவ யாருகிட்ட வளர்றா?"

கீழ் வீடு என்பது எங்கள் வீடு. என் மனைவி அனேதா அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போடுவாள். ரோதிகா கேட்டதில் தவறே இல்லை. அதுதான் லிவியுவைக் கொன்றது. சண்டை போட ஒரு கெட்டவள்கூடக் கிடைக்காமல் போய்விட்டது அவருக்கு. எனக்கும்தான்.

மறுநாளே தண்டவாளம் போட உட்கார்ந்துவிட்டார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

5

யானைக்கும் அடி சறுக்கும். லிவியுவுக்குப் பதினெட்டு வருடமாக ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. அதனால்தான் சறுக்கினார், ரயிலே தெரியாத ஒருவர் பொம்மைப் பெட்டியின் மேலிருக்கும் கட்டைவிரல் அளவு படத்தைப் பார்த்து ஒழுங்காகப் போட்டிருப்பார்.

ரயில் மோதெனாவுக்குப் போக வேண்டும், அதே வழியில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பின்னோக்கி ஊர்ந்து அல்ல, முகத்தைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும். இது இலின்காவின் உத்தரவு. நிஜ ரயிலில் இதற்கு ஒரு வளையம் போடுவார்கள். ரயில் வளையத்தைச் சுற்றித் தான் வந்த பாதையிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். லிவியுவும் மோதெனாவைச் சுற்றி அப்படியே போட்டார், மில்லிமீட்டர் பிசகாமல். கடைசித் துண்டைச் சேர்த்தார். எல்லாம் அணைந்துவிட்டது. துண்டை எடுத்தால் ரயில் ஓடியது. மோதெனா வரை போய், அங்கேயே நின்றது. சேர்த்தால் அசையவே மறுத்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரம் முழுக்க இப்படிச் சேர்த்தும் எடுத்தும் பார்த்துவிட்டு என்னிடம் இறங்கி வந்தார்.

"அண்ணே, பெரிய ரயிலே எஞ்சொல்லு கேக்குது. இந்தச் சுண்டெலிக்கு என்ன வந்துச்சு?"

நான் இந்த ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. சின்ன ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தில்தான் வருகிறது. ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். வளையம் திரும்பி வந்து தன்னோடு சேரும் இடத்தில் பிளஸ் போய் மைனஸைத் தொடுகிறது. தொட்டதும் மின்சாரம் நின்றுவிடும். வெறுமே போவதற்கு வளையமே வேண்டாம். திரும்பி வருவதுதான் பிரச்சினை.

வளையத்தின் இரண்டு முனைகளிலும் தண்டவாளத்தை மெல்லிய ரம்பத்தால் வெட்டி, ஒரு சுவிட்ச் வைத்தேன். ரயில் வளையத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியில் இருக்கும் யாராவது சுவிட்சை மாற்றிப் போட வேண்டும். போட்டால் வீட்டுக்கு வரும். போடாவிட்டால் வெட்டிய இடத்தில் நின்றுவிடும்.

லிவியு சமையலறையில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தார். இலின்கா எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். டார்ச்சை அசைக்காமலேயே பேசினாள்.

"மாமா, நான் அம்மாகிட்டப் போறேன்."

என் கை நின்றது. "யாரு சொன்னா?"

"அம்மாதான். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாரு." பிறகு கேட்டாள்: "போனா திரும்பி வந்துடுவேன்ல?"

சமையலறைப் பக்கம் பார்த்தேன். கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"இந்தா பாரு," என்றேன். "இந்தச் சுவிட்ச இப்படி மாத்துனா வந்துடும்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

[அடிக்குறிப்பு போல ஒன்று: அவள் தன்னைப் பற்றிக் கேட்டாள், நான் ரயிலைப் பற்றிப் பதில் சொன்னேன். புரியாமல் செய்யவில்லை. பூசி மெழுகினேன். பத்தொன்பது வயதில் மணப்பாறை ரயிலடியில் நானும் என் அம்மாவிடம் "படிப்பு முடிஞ்சதும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இந்த நாட்டுக்கு வண்டியேறினேன். பதினோரு வருடம் கழித்துப் போனேன், ஐந்து வாரத்துக்கு. ஆகவே இந்த உலகில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்த ஆட்களில் நானும் ஒருவன்.]

6

சோதனை ஓட்டம் போன சனிக்கிழமை மதியம். அனேதா பிளம் கேக் செய்து எடுத்து வந்தாள். நாங்கள் நாலு பேரும் சுவருக்கும் கதவுக்கும் இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றோம். லிவியு ரயில்வேத் தொப்பியைப் போட்டுக்கொண்டு விசில் ஊதினார்.

ரயில் வெள்ளைப் பொத்தானை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ரவைப் பனியைத் தாண்டி, கைப்பிடி மலையைச் சுற்றி, மோதெனாவின் வளையத்துக்குள் நுழைந்தது.

"நிறுத்துப்பா!" என்றாள் இலின்கா.

லிவியு நிறுத்தினார். அவள் குனிந்து வெள்ளைப் பொத்தானை வண்டியிலிருந்து எடுத்தாள். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல வைத்தாள்.

"இப்ப சுவிட்ச மாத்து. ரயில் மட்டும் வரட்டும்."

"காலியாவா?"

"நீ அங்க தனியா நிக்கிறேல்ல. உனக்கு ரயிலாவது வரட்டும்." அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்: "எனக்குத் தெரியும்ப்பா. அம்மா சொல்லிட்டாங்க. நான் அடுத்த ரயில்ல வந்துடுவேன். மாமாதான் சொன்னாரே, கண்டிப்பா வரலாம்னு."

லிவியு என்னைப் பார்த்தார். நான் பிளம் கேக்கைப் பார்த்தேன். காலி வண்டி பஷ்கானிக்கு வந்து கறுப்புப் பொத்தானின் முன்னால் நின்றது. யாரும் கைதட்டவில்லை.

மாலையில் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, அவ அழுவா, போமாட்டேன்னு அடம் புடிப்பான்னு நெனச்சேன். அதச் சொல்லியே கையெழுத்து போட மாட்டேன்னு இருந்தேன். இப்ப பாருங்க, சிரிச்சுக்கிட்டே போறேங்கறா." கைப்பிடிச் சுவரைத் தடவினார். "நீங்க சொன்னத நம்பித்தான். அப்ப நான் போட்டுடலாமா?"

நான் சொன்ன பதில்: "முழங்கால் வலிக்குது லிவியு, உள்ள போறேன்."

இதைக் கதையில் மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியம் நன்றாகக்கூட வந்தது: அவர் தோளில் கை வைத்து நான்

[வைக்கவில்லை.]

7

முடிவுகள்.

லிவியு கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மினிவேன் வரும். இலின்கா சிரித்துக்கொண்டே ஏறுவாள். நவம்பர் வாக்கில், மோதெனாவில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த ரயில் எப்போது என்று அம்மாவிடம் கேட்பாள்.

போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இலின்கா இங்கேயே பள்ளிக்குப் போவாள். ரோதிகா போனில் அழுவாள். லிவியு இரவு வேலைக்குப் போகும்போதெல்லாம் குழந்தை எங்கள் வீட்டில் தூங்குவாள். எனக்கு அது இனிக்கும். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், எனக்கு அது இனிக்கும்.

இரண்டிலும் அந்தக் குழந்தை ஒரு பொய்யின் மேல் நிற்கிறாள்.

மேலே ரயில் மறுபடி கிளம்பிவிட்டது. மலையைச் சுற்றும்போது கரகரக்கும், வளையத்தின் வெட்டுகளைத் தாண்டும்போது டிக் டிக் என்னும். டிக் டிக் கேட்டது. இப்போது உள்ளே சுற்றுகிறது. இனி மறுபடி டிக் டிக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. நின்றுவிட்டது. யாரும் சுவிட்சை மாற்றவில்லை.

அனேதா அறைவாசலில் வந்து நிற்கிறாள். "எழுதிக்கிட்டேதான் இருக்கப் போறீங்களா? மேல போகலயா?"

போகிறேன். லிவியு கையெழுத்துப் போட்டாரா என்று கேட்க அல்ல. அது அவருடைய முடிவு. என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. திரும்பி வந்துவிடுவேனா என்று ஒரு குழந்தை கேட்டது. தெரியாது என்பதுதான் பதில். அதை ஆறு வயதுக் காதுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை பக்கம் எழுதியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குப் பதினெட்டுப் படி. மணியடித்தால் எப்போதும் இலின்காதான் ஓடி வந்து திறப்பாள். உங்களில் யாராவது இப்படி ஒரு குழந்தைக்குப் பதில் சொல்லியிருந்தால், முதல் வார்த்தை என்ன என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். முழங்கால் வலியால் நான் மெதுவாகத்தான் ஏறுவேன்.