பிஷப் மாளிகை இருந்த இடம்

தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், குழி வெட்டும் சேத்தின் கடப்பாரை மறுபடியும் ‘ணங்’கென்றது.

“பெயர்த்துப் போடுங்க, சேத் அண்ணே. உள்ளே பிரசங்கமே முடியப் போவுது,” என்றாள் மியூரியல். அப்பா கத்பர்ட்டின் சவப்பெட்டி தேவாலயத்துக்குள் காத்திருந்தது.

“கல்லுன்னா பெயர்க்கலாம்மா. இது சுவரு, வீட்டுச் சுவரு. தலைமாட்டுல திண்டு மாதிரி நீட்டிட்டிருக்கு. பெட்டி இறங்கிடும். ஆனா... உங்கப்பா தேடின பிஷப் மாளிகை இதுதான் போல.”

எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அந்த மாளிகையை ஊர்க்காரர்கள் கல் கல்லாகப் பெயர்த்துப்போய் அடுப்படி கட்டிக்கொண்டதில், இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. அது ஓடைக்கு அப்பால் தன் டர்னிப் கிழங்கு வயலில்தான் என்று ஆயுசு முழுக்கச் சாதித்தவர் அப்பா. தோண்டித் தோண்டி அவர் கண்டெடுத்தது ஒரு தேநீர்க் கெண்டியின் மூடி. “கோயிலோரம்தான்யா இருந்துச்சு, மரமண்டை!” என்று மல்லுக்கு நின்றவள், பள்ளிக்கூடத்து டீச்சர் மிஸ் பிம்.

மூச்சு இழுக்கும்போதும் அப்பா சொன்னது அதைத்தான். “என்னை அடக்கம் பண்ற அன்னிக்காவது அந்தப் பொம்பள ஜெயிச்சுட்டேன்னு குதிக்காம பாத்துக்க.”

மியூரியல் ஒரு மலர்வளையத்தைத் தூக்கிச் சுவர்மேல் சாத்தினாள்.

“குழிக்குள்ள மாலை போட்டா மறைஞ்சுடுமா?” என்றார் சேத்.

“நீங்க சும்மா இருங்கண்ணே.”

பெட்டி வந்தது; இறங்கியது. ஊரே குழியைச் சுற்றி நின்றது. மிஸ் பிம் விளிம்புவரை வந்து, கைத்தடியால் மலர்வளையத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மியூரியல் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன டீச்சர் அது, ஏதோ கட்டடம் மாதிரி?” என்றார் பாதிரியார்.

“பழைய வேலிச் சுவரு.”

“பிஷப் மாளிகையா இருக்குமோ?”

“யாரு சொன்னா? அது ஓடைக்கு அந்தப் பக்கம். வயலுக்குச் சொந்தக்காரன் சொன்னா கேக்கணும், தம்பி. நீங்க ஜெபத்தை முடிங்க.”

ஜெபம் முடிந்தது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மிஸ் பிம் கையுறையைக் கழற்றாமலே இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். பெட்டிமேல் ஒரு துகள்கூட விழவில்லை. அத்தனையும் தலைமாட்டுச் சுவர்மேல்தான். மறுபடி அள்ளினாள். மற்றவர்கள் தேநீருக்குக் கலையத் தொடங்கியும் அவள் நிறுத்தவில்லை.

சேத் மண்வெட்டியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.